ஒளிமானிக்கு உற்ற துணை

தமிழ்ப்பள்ளிகளின் அலுவலகச் சுவர்களில் தொங்கும் பழைய வகுப்புப் படங்களைச் சற்று நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். வெள்ளைச் சட்டைகள் பளிச்சென்று தெரியும். பின்புறச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சும் தெளிவாக இருக்கும். முன் வரிசையில் பிடித்திருக்கும் பலகையில் எழுதிய ஆண்டும் வகுப்பும் எழுத்தெழுத்தாகப் படிக்கக் கிடைக்கும். முகங்கள் மட்டும் சில படங்களில் கருநிழலாய் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கண் எங்கே, புன்னகை எங்கே எனத் தேட வேண்டியிருக்கும். படத்தில் இருப்பவரே முதியவராகி வந்து தம்மைத் தேடும்போது, "மூன்றாவது வரிசையில் இடப்பக்கத்திலிருந்து ஐந்தாவது" என்று எண்ணிக் காட்டுவாரேயன்றி முகத்தைக் கொண்டு காட்டுவது அரிது.

இதற்குப் பிள்ளைகளின் நிறத்தைக் காரணமாகச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. அது பிழையான காரணம். ஒளியை அளந்த முறையிலேதான் குறை இருந்தது. அந்தக் குறையை நீக்கும் பொருள்கள் விலையுயர்ந்த கருவிகளும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்குமிழும், சாம்பல் நிற அட்டை ஒன்றுமே பெரும்பாலும் போதும். ஒளிமானி வாங்குவோர் மானியின் பெயரையும் விலையையும் ஆராயும் அளவுக்கு அதன் துணைக்கருவிகளை ஆராய்வதில்லை. பெட்டியின் மூலையில் கிடக்கும் அச்சிறு பொருள்களில்தான் கருவியின் பாதி அறிவு இருக்கிறது.

கையடக்க ஒளிமானி என்பது எளிய கருவி. ஒளி விழுந்தால் மின்னோட்டம் பிறக்கும் செலினியத் தகடு ஒன்று. அம்மின்னோட்டத்திற்கேற்ப நகரும் முள் ஒன்று. முள் காட்டும் எண்ணை எஃப் எண்ணாகவும் ஷட்டர் வேகமாகவும் மாற்றித் தரும் சுழல்வட்டு ஒன்று. அமெரிக்காவின் நியூவர்க் நகரிலிருந்த வெஸ்டன் நிறுவனம் 1932-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் ஒளியைக் கணித்தவர்கள் அட்டவணையையும் கண்ணையும் நம்பினர். கண்ணோ ஏமாற்றும் உறுப்பு. இருட்டறைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் இருளுக்குப் பழகிவிடும். முள் அவ்வாறு பழகுவதில்லை.

ஆயினும் முள்ளுக்கும் ஓர் அறியாமை உண்டு. தன் முன்னே இருப்பது கரும்பலகையா, வெண்சுவரா என்று அதற்குத் தெரியாது. எப்பொருளைக் காட்டினாலும், "இது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது" என்றே அது கருதும். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நிறம் அது. வெள்ளைச் சட்டையோ 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக் கூடியது. ஆகவே, சட்டையை நோக்கிப் பிடித்த மானி, "ஒளி மிகுதி, துளையைச் சுருக்குக" என்று கட்டளையிடும். அக்கட்டளைப்படி நடந்தால் சட்டை சாம்பலாகும். அதற்கு மேலுள்ள கருநிற முகம் இருளில் மூழ்கும். கரும்பலகையை மட்டும் அளந்தால் இதற்கு நேர்மாறு: பலகை சாம்பலாக வெளுக்கும், பக்கத்தில் நிற்பவரின் சட்டை விவரமற்ற வெண்மையாகும்.

நாற்பது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் பினஃபோருமாக நிற்க, பின்னே வெண்சுவரும் மேலே வெளிறிய வானமும் அமைந்த காட்சியை எண்ணிப் பார்க்க. மானி அனைத்தையும் கூட்டிச் சராசரி காண்கிறது. வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கொண்டு ஒரு தனி மாணவனின் தரத்தை எந்த ஆசிரியரும் சொல்லார். மானி அதைத்தான் சொல்கிறது. வானமும் சுவரும் சட்டையும் வாங்கிய மிகுதிப் புள்ளிகளுக்காக முகங்கள் தண்டனை பெறுகின்றன.

இந்த அநீதியைத் தீர்க்கும் துணைக்கருவிகளுள் முதலிடம் அரைக்கோள வெண்குமிழுக்கே உரியது. அமெரிக்கரான டான் நார்வுட் இதனை வகுத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். பொருளிலிருந்து திரும்பிவரும் ஒளியை விட்டுவிட்டு, பொருளின்மேல் வந்து விழும் ஒளியையே அளக்க வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. அவ்வாறு அளந்தால் சட்டை வெள்ளையா கறுப்பா என்ற கேள்வியே எழாது. எல்லார்மீதும் பொழியும் ஒளி ஒன்று. அதற்கேற்பத் துளையை அமைத்தால் வெள்ளை வெள்ளையாகவும் கருமை கருமையாகவும் தத்தம் இடத்தில் நிற்கும்.

குமிழ் ஏன் அரைக்கோளமாக இருக்கிறது என்பதும் அறியத்தக்கது. மனித முகம் தட்டையன்று. நெற்றிக்கு மேலிருந்தும், கன்னங்களுக்குப் பக்கங்களிலிருந்தும், மோவாய்க்குக் கீழிருந்தும் ஒளி வருகிறது. படப்பெட்டியை நோக்கும் முகத்தின் முன்பாதியைப் போலவே குமிழும் அவ்வொளிகளையெல்லாம் வாங்கிச் சேர்த்துக் கொள்கிறது. குமிழை முகத்தின் பதிலாள் எனலாம்.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். படம்பிடிப்பவர் தாம் நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டு குமிழைப் பிள்ளைகளை நோக்கி நீட்டுவது பயனற்றது. பிள்ளைகள் அமர்ந்திருக்கும் விசுப்பலகை வரை நடந்து செல்ல வேண்டும்; நடு வரிசைப் பிள்ளையின் முகத்துக்கு முன்னே மானியைப் பிடித்து, குமிழைப் படப்பெட்டியின் பக்கம் திருப்ப வேண்டும். மரநிழல் ஒரு மூலையில் விழுந்திருந்தால் அங்கும் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒரு படிக்கு மேல் வேறுபட்டால் பிள்ளைகளை நகர்த்துவதே நல்லது. ஒரு படி என்பது ஒளியின் அளவில் இரு மடங்கு என்பதை நினைவில் இருத்துக.

நார்வுட் வழிவந்த மானியை ஜப்பானின் செக்கோனிக் நிறுவனம் பின்னர்த் தயாரித்தது. எல்-398 என்னும் அதன் மானி 1976-இல் வெளிவந்தது. அதனுடன் மூன்று முகப்புகள் வரும்: லூமிஸ்பியர் என்னும் குமிழ், லூமிடிஸ்க் என்னும் தட்டை வெண்வில்லை, திரும்பிவரும் ஒளியை அளப்பதற்குரிய லூமிகிரிட் என்னும் வலைமுகப்பு. வெஸ்டன் மாஸ்டர் வரிசை மானிகளுக்கோ இன்வர்கோன் என்னும் வெண்கூம்பு தனியே விற்கப்பட்டது. பழைய பொருள் கடையில் வெஸ்டன் மானி கிடைத்தால் அதனுடன் இன்வர்கோனும் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். கூம்பு தொலைந்துபோன மானிகளே மிகுதி. மாஸ்டர் இரண்டு, மூன்று ஆகியவற்றுக்குரிய கூம்பு, நான்கு, ஐந்து ஆகியவற்றுக்குப் பொருந்தாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துக் கோசன் நிறுவனத்தார் தம் லூனாசிக்ஸ் மானியில் குமிழைக் கழற்ற வேண்டாதபடி நகர்த்தி மூடும் வகையில் அமைத்துவிட்டனர். தொலையாத துணையே சிறந்த துணை.

செக்கோனிக் மானியோடு வரும் மற்றொரு சிறு பொருள் துளைகளிட்ட மெல்லிய தகடு. ஹை ஸ்லைடு என்பது அதன் பெயர். வெயிலில் முள் எல்லையைத் தாண்டி ஓடாதபடி, குமிழுக்குப் பின்னுள்ள பிளவில் இத்தகட்டைச் செருக வேண்டும். அது ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும். அதாவது, ஐந்து படிகள். தகடு உள்ளே இருக்கும்போது முள் காட்டும் எண்ணைச் சுழல்வட்டில் 'எச்' என்னும் குறிக்கு நேராக வைக்க வேண்டும். தகட்டைச் செருகிவிட்டுக் குறியை மறந்தாலும், குறியை நினைத்துத் தகட்டை மறந்தாலும் படம் 32 மடங்கு பிழையாகும். திடலில் விளையாட்டுப் போட்டியைப் படம்பிடித்துவிட்டுப் பரிசளிப்புக்காக மண்டபத்துள் நுழைபவர், முள் அசையவில்லையே, மானி கெட்டுவிட்டதோ என்று கலங்குவதுண்டு. கெட்டது ஒன்றுமில்லை, வெயிலுக்கு இட்ட தகடு நிழலிலும் உள்ளேயே இருக்கிறது. மலேசிய வெயிலில் தகடின்றி வேலை நடவாது. ஆதலின், தகட்டைத் தொலைத்தவர் மானியில் பாதியைத் தொலைத்தவரே.

அடுத்த துணை சாம்பல் அட்டை. பிள்ளைகள் நிற்கும் இடத்துக்குச் சென்று அளக்க இயலாதபோதும், குமிழ் இல்லாத மானி கைக்கு வாய்த்தபோதும், இவ்வட்டையே கைகொடுக்கும். கோடாக் நிறுவனம் வெளியிட்ட அட்டையின் ஒரு பக்கம் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல். மறுபக்கம் 90 விழுக்காடு திருப்பும் வெண்மை. முகத்தின்மேல் விழும் ஒளியே அட்டையின்மேலும் விழுமாறு பிடித்து, அட்டையை மட்டும் மானியால் அளக்க வேண்டும். அளப்பவரின் நிழல் அட்டையில் விழலாகாது. அட்டை பளபளக்கும் கோணத்திலும் இருத்தலாகாது.

ஒளி மிகக் குறைந்த இடத்தில் சாம்பல் பக்கத்துக்கு முள் அசையாவிடில், அட்டையைத் திருப்பி வெண்பக்கத்தை அளந்து, வந்த ஒளியேற்ற நேரத்தை ஐந்தால் பெருக்கிக் கொள்ளலாம். தொண்ணூற்றைப் பதினெட்டால் வகுத்தால் ஐந்து. விழுக்காட்டுக் கணக்கை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது. இக்கணக்கை அறிந்தவர்க்கு அட்டைகூடத் தேவையில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைத் தாள் ஒன்றும் ஓரளவு போதும்.

அட்டையை மறந்து வந்தவர் தம் உள்ளங்கையை அளக்கலாம் என்பது மேனாட்டு நூல்களில் காணப்படும் அறிவுரை. அந்நூல்கள், "வந்த அளவைவிட ஒரு படி மிகுதியாக ஒளி கொடுக்க" என்று சேர்த்துக் கூறும். வெளிறிய தோல் சாம்பல் அட்டையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைத் திருப்புவதே காரணம். அந்த ஒரு படியை எல்லார்க்கும் உரிய விதியாகக் கொள்ளுதல் கூடாது. கருநிறத்தாரின் உள்ளங்கை முகத்தைவிட வெளிறியது. எவ்வளவு வெளிறியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருமுறை சாம்பல் அட்டையையும் தம் உள்ளங்கையையும் ஒரே ஒளியில் அடுத்தடுத்து அளந்து, வேறுபாட்டைக் குறித்து வைத்துக் கொண்டால் வாழ்நாள் முழுதும் அது உதவும். வகுப்பறையில் இருபது மாணவர் தத்தம் கையை அளந்து பார்க்கலாம். விடைகள் பலவாக இருக்கும். அவ்விடைகளை வைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றி மாணவரோடு பேசுவதற்கு, அளவையியல் பாடத்தைவிடத் தக்க நேரம் வேறில்லை.

வண்ணப் படச்சுருள் காலத்தில் படங்களை அச்சிட்ட கூடங்களில் நிறச் சீர்மைக்காக ஒப்புநோக்கிய அட்டைகளும் ஒருவகைத் துணைப்பொருள்களே. நெடுங்காலம் அவ்வட்டைகளில் இருந்தது வெளிறிய நிறமுடைய பெண்ணின் உருவம். அவள் முகம் சரியாக அமைந்தால் எல்லார் முகமும் சரி எனக் கொள்ளப்பட்டது. சாம்பல் அட்டைக்கு இனமில்லை என்பதே அதன் பெருமை.

குமிழால் அளந்தபின் கருநிற முகம் கருநிறமாகவே பதியும். அதனை வெளுக்கச் செய்வது நோக்கமன்று; கண்ணிமையும் கன்னமேடும் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். நிழல்விவரம் இன்னும் வேண்டுமென அரைப்படி கூட்டுவாரும் உளர். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அதனால் தீங்கில்லை. டிஜிட்டல் படப்பெட்டியிலோ அந்த அரைப்படி வெள்ளைச் சட்டையின் மடிப்புகளை அழித்துவிடக் கூடும். இரண்டையும் சோதித்த பின்னரே பழக்கமாக்கிக் கொள்க.

தட்டை வில்லையைப் பலர் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. தமிழ் ஆசிரியர்க்கு அதைப்போல் வேண்டுவது பிறிதொன்றில்லை எனலாம். பழைய மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், கையெழுத்து ஏடுகள், செல்லரித்த நாளிதழ்த் தாள்கள் முதலியவை பல இல்லங்களின் பரணிலும் பள்ளிகளின் பேழையிலும் கிடக்கின்றன. இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றின் சான்றுகளுள் பல அத்தாள்களிலேயே உள்ளன. ஈரமும் கறையானும் காத்திருப்பதில்லை. அவற்றைப் படியெடுக்கும்போது தாளை நேரே அளந்தால் வெண்தாள் சாம்பலாகும், எழுத்து மங்கும். தாள் தட்டையானது, அரைக்கோளக் குமிழ் பக்கவாட்டு ஒளியைத் தாள் வாங்குவதைவிட மிகுதியாக வாங்கிவிடும். ஆகவே, இப்பணிக்குத் தட்டை வில்லையே ஏற்றது. இருபுறமும் விளக்கொன்றாக 45 பாகைச் சாய்வில் நிறுத்தி, தாளின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வில்லையை மேல்நோக்கி வைத்து அளக்க வேண்டும். ஐந்து இடத்திலும் முள் ஒரே இடத்தில் நின்றால் ஒளி சமமாகப் பரவியிருக்கிறது. ஒரு மூலையில் முள் தாழ்ந்தால் விளக்கைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். இந்த ஐந்து அளவுகளுக்குச் செலவாகும் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தி, நூறு பக்கங்களை ஓரம் இருண்டவாறு படியெடுத்து வைப்பது பின்வருவோர்க்குச் செய்யும் தீங்கு.

மேடை நிகழ்ச்சிகளுக்குக் குமிழ் உதவாது. ஆடிக்கொண்டிருக்கும் மாணவியின் அருகே சென்று மானியை நீட்ட எவராலும் இயலாது. இருக்கையிலிருந்து மானியைக் காட்டினாலோ பின்னுள்ள கருந்திரையே பெரும்பகுதியை அடைத்துக் கொள்ளும். லூனாசிக்ஸ் மானியின் பார்வை 30 பாகை. பத்து மீட்டர் தொலைவில் அது ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட வட்டத்தைப் பார்க்கிறது. அதற்குக் கோசன் நிறுவனம் செய்த டெலி இணைப்பைப் பொருத்தினால் பார்வை 15 பாகையாகவோ 7.5 பாகையாகவோ சுருங்கும். 7.5 பாகையில், அதே தொலைவில், வட்டம் ஏறத்தாழ 1.3 மீட்டர்; ஆடுபவரின் தலைமுதல் இடைவரை அடங்கும். ஒரு பாகை மட்டுமே பார்க்கும் தனிவகை மானியானால் வட்டம் 17 சென்டிமீட்டர்தான். முகம் மட்டும் அதில் அடங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். முகத்தை மட்டும் அளந்தால் மானி அம்முகத்தையும் சாம்பலாக்கவே முயலும். அது சாம்பலைவிடக் கருமையான முகமா, வெளிறிய முகமா என்று முடிவுசெய்து படியைக் குறைப்பதும் கூட்டுவதும் அளப்பவரின் பொறுப்பு.

கோசன் நிறுவனம் நுண்ணோக்கிக்கு ஓர் இணைப்பு, படியெடுப்புக்கு ஓர் இணைப்பு, இருட்டறையில் உருப்பெருக்கிக்கு ஓர் இணைப்பு, சந்துபொந்துகளில் நுழையும் இழைக்குழல் ஒன்று எனத் தன் மானிகளுக்குத் துணைகளை அடுக்கிற்று. ஆய்வுக்கூடத்தார்க்கு அவை வேண்டியவை. மற்றவர்க்கு அலமாரியை நிரப்பும் அணிகலன்கள். மங்கிய ஒளியில் செலினிய மானி தடுமாறுவதற்கு மருந்தாக, லைக்கா எம்.சி. மானிக்குப் பக்கத்தில் செருகும் கூடுதல் செலினியத் தகடு ஒன்று விற்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் மானிகள் பெருகியபின் அதன் தேவை மறைந்தது.

மின்கலம் என்றதும் இன்னொரு சிறு துணையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. லூனாசிக்ஸ் 3 மானி 1.35 வோல்ட் அளவுள்ள பாதரச மின்கலங்கள் இரண்டால் இயங்குவது. பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி அக்கலங்கள் கைவிடப்பட்டன. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையும் பாதரசப் பொருள்களை ஒழிக்கும் முயற்சியே. அதே வடிவிலுள்ள 1.5 வோல்ட் காரக்கலத்தை இட்டால் மானி இயங்கும். ஆனால், அளவு பிறழும், கலம் தேயத்தேய மேலும் பிறழும். வெள்ளி ஆக்சைடு கலத்தை இட்டு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் இணைப்புக்கூடு ஒன்று உண்டு. பழைய லூனாசிக்ஸ் வைத்திருப்போர் வேறெதை வாங்காவிடினும் அதை வாங்குவது தகும்.

கைப்பேசியே ஒளிமானியாகப் பயன்படும் காலத்தில் இவையெல்லாம் எதற்கு என்று மாணவர் வினவலாம். கைப்பேசியின் பின்பக்கக் கண்ணும் திரும்பிவரும் ஒளியைத்தான் பார்க்கிறது. வெள்ளைச் சட்டை அதனையும் மயக்கும். ஆகவேதான், கைப்பேசியின் முன்பக்கக் கண்மீது செருகுவதற்கென்றே சிறு வெண்குமிழ்கள் செய்யப்பட்டன. 1940-இல் காப்புரிமை பெற்ற கருத்து கைப்பேசிக்கும் தேவைப்பட்டது.

இந்நாட்டின் ஈரக்காற்று செலினியத் தகட்டுக்குப் பகை. தோலுறைக்குள் மூடி வைப்பதே பாதுகாப்பு எனக் கருதுவாரும் உளர்; நனைந்த தோலுறை பூஞ்சணத்தின் இல்லம். மூடி இறுகிய நெகிழிப் பெட்டியில் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றை இட்டு மானியையும் குமிழையும் தகட்டையும் சேர்த்து வைப்பது நல்லது. மணிகளை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். கழுத்துக்கயிறு இல்லாமல் மானியை வெளியே எடுத்துச் செல்வது வேண்டாம். சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்தால் முள்ளின் ஊசிமுனைத் தாங்கி வளைந்துவிடும். அழுக்கேறி மஞ்சளித்த குமிழ் ஒளியைக் குறைத்துக் காட்டும். மென்துணியால் துடைத்தால் போதும், மருந்துநீர் எதுவும் தேவையில்லை.

மானி சரியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது பார்ப்பது நலம். மழை பெய்து ஓய்ந்து வானம் தெளிந்த நாளில், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, தகட்டைச் செருகிக் குமிழைச் சூரியன் பக்கம் திருப்புக. ஐ.எஸ்.ஓ. 100 என வைத்தால், நொடியில் 125-இல் ஒரு பங்கு வேகத்துக்கு எஃப் 16-ஐ ஒட்டிய அளவு வர வேண்டும். வேறுபட்டால், எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சிறு தாளில் எழுதி மானியின் முதுகில் ஒட்டி வைக்கலாம். அந்தத் தாளும் ஒரு துணைக்கருவிதான், அதற்கு விலையில்லை.